ஆறு பக்க அறிக்கையை யாருடைய மேசையில் வைப்பது?

வாசகர் கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, மட்டக்களப்பைச் சேர்ந்த நான் கடந்த எட்டு மாதங்களாக பங்களாதேஷின் கொக்ஸ் பஜார் மாவட்டத்தில், மியன்மாரிலிருந்து வந்த ரோஹிங்கியா அகதிகளிடையே பணியாற்றும் ஒரு தொண்டு நிறுவனத்தில் கொள்கைப் பரிந்துரை உத்தியோகத்தராக இருக்கிறேன். அடுத்த நிதிக் கோரிக்கை தயாராவதற்கு முன் அரசு அதிகாரிகளுக்கும் கொடையாளர் நாடுகளின் பிரதிநிதிகளுக்கும் கொடுப்பதற்கென ஆறு பக்க அறிக்கை ஒன்றை எழுதியிருக்கிறேன். முதல் மூன்று பக்கம் அகதிகளின் தேவைகள், அடுத்த மூன்று பக்கம் உள்ளூர் மக்களின் தேவைகள். மேலதிகாரி 'சமநிலையாக இருக்கிறது' என்கிறார். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. முகாம்களை அண்டிய உகியாவைச் சேர்ந்த எங்கள் வாகன ஓட்டுநர் ஒருநாள், "ஆபா (அக்கா), நீங்கள் எல்லோரும் அவர்களுக்காக வந்தீர்கள், எங்களுக்காக வந்தது யார்?" என்று கேட்டார். அதே வாரம் முகாமில் தொண்டராக இருக்கும் ஒரு ரோஹிங்கியாப் பெண், "என் கதையை உங்களைப் போன்றவர்களிடம் எத்தனை தடவை சொல்லிவிட்டேன், என்ன நடந்தது?" என்று கேட்டார். இருவருக்கும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இந்த அறிக்கையில் என்ன குறை? அரசுக் கூட்டங்களில் 'ரோஹிங்கியா', 'அகதி' என்ற சொற்களைப் பயன்படுத்தலாமா? அவர்கள் நாடு திரும்புவதைப் பற்றி எழுதத்தான் வேண்டுமா?

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் அறிக்கையை இரண்டு தடவை படித்தேன். தகவல்களில் பிழை இல்லை, நடையும் தெளிவாக இருக்கிறது. இரண்டாவது தடவை படிக்கும்போது ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு, 'வேண்டும்' என்று முடிகிற வாக்கியங்களை எல்லாம் கோடிட்டுப் பார்த்தேன். நாற்பத்தொரு இடங்களில் ஏதோ ஒன்று செய்யப்பட வேண்டும் என்கிறீர்கள். அதை யார் செய்ய வேண்டும் என்பது மூன்றே இடங்களில்தான் இருக்கிறது, அந்த மூன்றிலும் 'சர்வதேச சமூகம்' என்று இருக்கிறது. சர்வதேச சமூகம் என்ற பெயரில் கொக்ஸ் பஜாரில் அலுவலகம் எதுவும் கிடையாது. குறை இதுதான். உங்கள் அறிக்கைக்கு 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ சொல்லக்கூடிய ஒரு மனிதர் அதற்குள் எங்கும் இல்லை.

நீங்கள் சமநிலை என்று நினைத்துப் பிரித்த இரண்டு பாதிகள் அங்குள்ள நிர்வாகப் பிரிவினையோடு அப்படியே பொருந்திப் போவதால், இந்தக் குறை இன்னும் ஆழமாகிறது. முகாம்கள் அனர்த்த முகாமைத்துவ, நிவாரண அமைச்சின் கீழ் வரும் அகதிகள் நிவாரண, திருப்பியனுப்பல் ஆணையாளரின் பொறுப்பு. அவருக்குக் கீழே ஒவ்வொரு முகாமுக்கும் ஒரு பொறுப்பதிகாரி இருக்கிறார். முகாம் வேலிக்கு வெளியே வந்துவிட்டால், நம் ஊரில் அரசாங்க அதிபர் என்போமே, அதற்கு ஈடான மாவட்ட ஆணையாளரின் ஆட்சி. அவருக்குக் கீழே நம் பிரதேச செயலாளரைப் போன்ற உபசில்லா நிர்வாக அதிகாரி. அதற்கும் கீழே, கிராமங்களுக்கான உள்ளூராட்சி சபையாகிய யூனியன் பரிஷத்தின் தேர்தலில் வந்த தலைவர். உங்கள் அறிக்கை ஆணையாளரிடம் போனால் அவர் முதல் மூன்று பக்கத்தைப் படித்துவிட்டு மற்றதை மாவட்ட நிர்வாகத்துக்குரியது என்பார். மாவட்ட நிர்வாகம் பின் மூன்று பக்கத்தைப் படித்துவிட்டு முன்னதைத் தொடாது. கொடையாளர்களிடமும் இதே கதைதான். அகதிகளுக்கான பணம் பெரும்பாலும் மனிதாபிமான நிதிப் பெட்டியிலிருந்து வருகிறது. வீதி, வடிகால், பாடசாலை போன்றவற்றுக்கான பெரும் பணம் உலக வங்கி போன்ற அபிவிருத்தி நிதிப் பெட்டியிலிருந்து வருகிறது. 2018இல் 480 மில்லியன் டொலர் வரையிலும், 2024இல் 700 மில்லியன் டொலரும் என உலக வங்கி அறிவித்த தொகைகள் அகதிகளையும் உள்ளூர் மக்களையும் ஒருசேரக் குறித்தவை என்றாலும், அவற்றைப் பற்றிப் பேசும் அதிகாரி வேறு, ஐ.நா.வும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து மனிதாபிமான நிதி கேட்கும் கூட்டு நிவாரணத் திட்டத்தைப் பற்றிப் பேசும் அதிகாரி வேறு. தூதரகங்களில் இந்த இருவரும் ஒரே மாடியில் இருந்தாலும் ஒரே கூட்டத்தில் அமர்வது அரிது.

ஓட்டுநரின் கேள்விக்கு இப்போது வருகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும் விட அதுதான் உங்களை உறுத்துகிறது என்று தெரிகிறது. 2017 ஓகஸ்ட் 25க்குப் பிந்திய சில மாதங்களில் மியன்மாரின் ராக்கைன் மாநிலத்திலிருந்து ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் எல்லையிலுள்ள நாப் ஆற்றையும் எல்லைக் குன்றுகளையும் கடந்து வந்தபோது, நிறுவனங்களின் லொறிகள் வந்து சேருவதற்கு முன்னரே சோறு போட்டவர்கள் உகியா, டெக்னாப் மக்கள்தான். முற்றத்தில் படுக்க இடம் கொடுத்தார்கள், பள்ளிவாசல்களைத் திறந்துவிட்டார்கள், பாடசாலைகள் நிவாரண நிலையங்களாயின. மொழியும் பெரிய தடையாக இருக்கவில்லை. ரோஹிங்கியா மொழியும் சிட்டகாங் பேச்சும் ஒன்றுக்கொன்று புரியும் அளவுக்கு நெருக்கமானவை. 1978இலும் 1991-92இலும் இதேபோல் இலட்சக்கணக்கானோர் வந்து போனதைப் பார்த்தவர்கள் அந்த ஊர்களில் இருந்தார்கள். இதுவும் சில மாத விஷயம் என்று நினைத்தார்கள். இன்று அந்த இரண்டு உபசில்லாக்களிலும் ஒரு உள்ளூர்வாசிக்கு ஏறத்தாழ இரண்டு அகதிகள் என்ற கணக்கு. 2017இல் கடத்தலையும் ஆட்கள் வருவதையும் தடுப்பதற்கென்று நாப் ஆற்றில் மீன்பிடி தடை செய்யப்பட்டது. குன்றுக் காடுகள் குடிசைக்கும் விறகுக்குமாக மொட்டையாயின. உகியாவிலிருந்து டெக்னாப் போகும் ஒற்றை வீதியில் நிறுவன வாகனங்கள் வரிசையாக நிற்க, பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள் டொம்டொம் என்ற மூன்று சில்லு வண்டிகளில் காத்துக் கிடந்தார்கள்.

இதற்கு அரசு கண்ட தீர்வுதான் 'கால் பங்கு' விதி. முகாமில் வேலை செய்ய வரும் நிறுவனங்கள் தங்கள் திட்டப் பணத்தில் ஏறத்தாழ 25 வீதத்தை உள்ளூர் மக்களுக்குச் செலவிட வேண்டும் என்பது 2018 அளவிலிருந்து நடைமுறைக்கு வந்தது; நிறுவனங்கள் அரசின் என்ஜிஓ விவகாரப் பணியகத்திடம் எப்டி-7 படிவம் கொடுத்து அனுமதி பெறும்போது இந்தப் பங்கைக் காட்டியாக வேண்டும். நியாயமான கோரிக்கை என்றே அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். ஆனால் நடைமுறையில் அது என்ன ஆனது என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு நிறுவனமும் தன் கால் பங்கைக் காட்டுவதற்கு ஒரு மதகு, இரண்டு குழாய்க் கிணறு, பத்துத் தையல் இயந்திரம், பக்கத்தில் தன் சின்னம் போட்ட பலகை. எந்தக் கிராமத்துக்கு எது தேவை என்று கூட்டிப் பார்த்துச் செய்தவர்கள் குறைவு. உள்ளூர் தொண்டு அமைப்புகளுக்கு நேரடியாக 25 வீதம் போக வேண்டும் என்று கொடையாளர் நாடுகளும் உதவி நிறுவனங்களும் 2016ஆம் ஆண்டின் 'கிராண்ட் பார்கெயின்' உடன்பாட்டில் ஒப்புக்கொண்டது வேறொரு 25 வீதம். அதை இதுவென்று மயங்கி, 'நாங்கள் இரண்டையும் நிறைவேற்றிவிட்டோம்' என்று ஒரே செலவுக் கணக்கைக் காட்டிய கூட்டங்களிலும் இருந்திருக்கிறேன். உங்கள் அறிக்கையின் நான்காம் பக்கத்திலும் இந்தக் குழப்பம் இருக்கிறது, திருத்திவிடுங்கள்.

ஓட்டுநர் கேட்டது பங்கு அல்ல என்று நினைக்கிறேன். தன் ஊரில் நடக்கும் முடிவுகளில் தன்னிடம் யாரும் எதையும் கேட்கவில்லை என்பதைத்தான் அவர் அப்படிச் சொல்லியிருக்கிறார்.

இதில் எனக்கு ஒரு பழைய கடன் இருக்கிறது, நீங்கள் மட்டக்களப்பு என்பதால் சொல்லலாம். 2005இல் கடற்கரையோரக் கிராமம் ஒன்றில் சுனாமி வீடமைப்புத் திட்டத்துக்கு மதிப்பீட்டு அறிக்கை எழுதும் வேலை எனக்கு. வீதிக்குக் கிழக்கே சுனாமியில் வீடிழந்தவர்கள். மேற்கே, போரில் இடம்பெயர்ந்து பதினைந்து ஆண்டுகளாக ஓலைக் குடிசையில் இருந்தவர்கள். கிழக்கே ஓடு போட்ட வீடுகள் எழுந்தபோது மேற்கே இருந்த ஒரு தாய், "எங்களைக் கடல் அடிக்காமல் விட்டது எங்கள் பிழையா?" என்று கேட்டார். அந்த நிறுவனத்தின் திட்டவரைவில் மேற்குப் பக்கம் இல்லை. அந்த வரைவை எழுதியது நான்தான். 'பயனாளிகள்' என்ற தலைப்பின் கீழ் யார் வருவார்கள் என்று எனக்குச் சொல்லித்தரப்பட்டது, நானும் கேள்வி கேட்கவில்லை. கொக்ஸ் பஜாருக்கு 2018இல் போனபோது அந்த வீதிதான் மனதில் இருந்தது.

போகட்டும். இரண்டு பாதிகளாக எழுதாமல் வேறெப்படி எழுதுவது என்பதுதான் உங்களுக்குத் தேவை. இரு தரப்பின் நலனும் உண்மையிலேயே ஒன்றாகும் இடங்களைத் தேடுங்கள். அதைவிட முக்கியமாக, ஒன்றாகாமல் முட்டிக்கொள்ளும் இடங்களை மறைக்காதீர்கள்.

ஒன்றாகும் இடத்துக்கு எல்லோரும் சொல்லும் உதாரணம் சமையல் எரிவாயு. தொடக்கத்தில் முகாம்களில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 700 தொன் விறகு எரிக்கப்படுவதாக மதிப்பிட்டார்கள். 2018 ஓகஸ்டில் எரிவாயு உருளைகள் விநியோகம் தொடங்கி, அகதிக் குடும்பங்களோடு அண்டைக் கிராமத்துக் குடும்பங்களுக்கும் போனது. மொட்டைக் குன்றுகளில் மீண்டும் கன்றுகள் நட முடிந்தது. விறகுக்குப் போன பெண்கள் காட்டில் பட்ட அவஸ்தையும், 'எங்கள் காட்டை வெட்டுகிறார்கள்' என்ற சண்டையும் ஒருசேரக் குறைந்தன. வனத்துறை, முகாம் நிர்வாகம், கிராமத்தவர் மூவருமே தங்களுக்கு வேண்டியதென்று ஏற்ற திட்டம் அது. அகதிகளுக்கு இவ்வளவு, உள்ளூராருக்கு இவ்வளவு என்ற பேச்சு அங்கே இரண்டாவதாகத்தான் வந்தது. இப்போது நிதி குறையும்போது வெட்டுவதற்கு முதலில் கண்ணில் படுவதும் எரிவாயுதான். வெட்டினால் அடுத்த மழைக்காலத்துக்குள் காடு என்ன ஆகும் என்று வனத்துறை அதிகாரியின் வாயாலேயே சொல்லவைக்க முடிந்தால், உங்கள் மூன்று பக்கத்தைவிட அது பெறுமதியானது.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்த சாட்சி வேறு. 2021 இறுதியிலும் 2022 தொடக்கத்திலும் முகாம்களுக்குள் அகதிகள் நடத்திவந்த ஆயிரக்கணக்கான சிறு கடைகளை அதிகாரிகள் இடித்தார்கள். அனுமதியில்லாத கடைகள் என்பது காரணம். உள்ளூர் வியாபாரிகளுக்கு அது நன்மை என்று ஒரு கூட்டத்தில் யாரோ சொன்னதைக் கேட்டுவிட்டு, மறுநாள் உகியா சந்தைக்குப் போனேன். உப்பு, பருப்பு, சவர்க்காரம், வெற்றிலை என்று மொத்தமாக விற்கும் ஒருவர். சிவப்பு அட்டை போட்ட நீளக் கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். பக்கத்துக்கு இருபது பெயர். எல்லாம் முகாமுக்குள் இருந்த கடைக்காரர்கள், எல்லாம் கடனுக்குச் சரக்கெடுத்தவர்கள். பெயருக்கு எதிரே முகாம் இலக்கம், தொகை, சிலவற்றில் சரக்கெடுத்தவரின் கைநாட்டு. பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனார், எதுவும் பேசவில்லை. கடை இடிந்த மனிதனிடம் கடனை எப்படிக் கேட்பது? தானும் தன் கொள்வனவுக்காரரிடம் கடன்பட்டிருந்தார். பாக்குத் தோட்டக்காரர் ஒருவருக்குக் கொடுக்க வேண்டிய பணமும் அதற்குள் சிக்கிக் கிடந்தது. அகதியின் கடைப் பலகையும் உள்ளூர்க்காரரின் பாக்குத் தோட்டமும் எந்தக் கயிற்றால் கட்டப்பட்டிருக்கின்றன என்பதற்கு அந்தப் புத்தகத்தைவிட நல்ல ஆய்வறிக்கையை நான் பார்த்ததில்லை.

உணவுப் பங்கீட்டையும் இதே கண்ணால் பாருங்கள். உலக உணவுத் திட்டம் ஆளுக்கு மாதம் 12 டொலராக இருந்த உணவு உதவியை 2023 மார்ச்சில் 10ஆகவும், யூனில் 8ஆகவும் குறைத்தது. நாளொன்றுக்கு 27 சதம். 2024இல் படிப்படியாக மீண்டும் உயர்ந்தது. 2025 மார்ச்சில் 6ஆக இறங்கப் போகிறது என்று அறிவித்து, கடைசி நேரத்தில் நிதி கிடைத்ததால் 12இல் நின்றது. நீங்கள் இதை 'அகதிகள்' பகுதியில் போஷாக்கு என்ற தலைப்பில் போட்டிருக்கிறீர்கள். அங்கே அது இருக்க வேண்டியதுதான். ஆனால் அந்த டொலர்கள் மின்னட்டை வழியாகச் செலவாகும் கடைகளை நடத்துவோர் பங்களாதேஷ் வியாபாரிகள். அங்கே விற்கும் மரக்கறியிலும் மீனிலும் முட்டையிலும் ஒரு பகுதி அண்டைக் கிராமத்து விவசாயிகளிடமிருந்து வருவது. ஆகவே 12 எட்டானபோது பத்து இலட்சம் வயிறுகளோடு சேர்த்து அந்த மாவட்டத்துச் சந்தையும் சுருங்கியது. இதேபோல 2025 நடுப்பகுதியில் நிதிப் பற்றாக்குறையால் முகாம் கற்றல் நிலையங்கள் பல நிறுத்தப்பட்டபோது வேலையிழந்து வீதியை மறித்தவர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உள்ளூர் ஆசிரியர்கள். அவர்களில் பலர் உகியா, டெக்னாப் குடும்பங்களில் முதல் தலைமுறையாக மாதச் சம்பளம் பார்த்த இளம் பெண்கள். 'அகதிகளுக்கான உதவி' என்று பெயரிட்ட ஒரு தொகையில் எவ்வளவு உள்ளூர் வீடுகளுக்குப் போகிறது என்று யூனியன் பரிஷத் தலைவர்களுக்குத் தெரிந்திருந்தால், வெட்டுக்கு எதிராக முதலில் குரல் கொடுப்பவர்கள் அவர்களாகவே இருப்பார்கள். அந்தக் கணக்கை அவர்களுக்கு யாரும் போட்டுக் காட்டவில்லை. உங்கள் அறிக்கையின் முதற் பக்கம் அந்தக் கணக்காக இருக்கட்டும்.

இனி முட்டிக்கொள்ளும் இடம். நாட்கூலி. இதை நீங்கள் 'சமூக நல்லிணக்கம்' என்ற தலைப்பில் இரண்டு வரியில் கடந்து போயிருக்கிறீர்கள். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்கிற தப்பித்தல் அது. டெக்னாப்பில் உப்பளத்திலும் வெற்றிலைக் கொடியிலும் வேலை செய்யும் காணியில்லாத ஒரு மனிதரைக் கேளுங்கள். அவர் முன்பு கேட்ட கூலியைக் கேட்டால், "வேண்டாமென்றால் விடு, முகாமிலிருந்து ஆள் வரும்" என்ற பதில்தான் வரும். காணிக்காரருக்கு அகதிகளின் வருகை இலாபம், கூலிக்காரருக்கு நட்டம். 'உள்ளூர் சமூகம்' என்று ஒரே சொல்லில் எழுதும்போது இந்த இருவரையும் ஒருவராக்கிவிடுகிறோம். கூட்டங்களுக்கு வந்து பேசுகிறவர் பெரும்பாலும் காணிக்காரர்தான் என்பதையும் கவனியுங்கள்.

ஏன் கூலி இறங்குகிறது என்ற இடத்தில்தான் கொள்கை இருக்கிறது. அகதிகள் முகாமுக்கு வெளியே வேலை செய்ய அனுமதியில்லை. அனுமதியில்லாதவர் வேலைக்குப் போகாமல் இருப்பதில்லை, பேரம் பேசாமல் போகிறார். கூலியைக் கொடுக்காவிட்டாலும் அவர் பொலிசுக்குப் போக முடியாது. கொடுத்ததை வாங்கிக்கொண்டு சோதனைச் சாவடிக்குப் பயந்து திரும்புவார். அவர் எவ்வளவு பயப்படுகிறாரோ அவ்வளவுக்கு உள்ளூர்க் கூலியும் இறங்குகிறது. ஆக, பங்கீடு குறையும் ஒவ்வொரு மாதமும் வேலி தாண்டுவோர் கூடுகிறார்கள், டெக்னாப் கூலிக்காரரின் சட்டி காலியாகிறது. இதைச் சொன்னால், 'அப்படியானால் வேலியை இன்னும் உயர்த்துவோம்' என்று ஓர் அதிகாரி சொல்வார். 2019க்குப் பின் முட்கம்பி வேலி போட்டுப் பார்த்தாயிற்று. 2021 மார்ச் 22 தீயில் ஏறத்தாழ 45,000 பேர் குடிசை இழந்து, 15 பேர் இறந்தபோது, அந்த வேலியே தப்பி ஓடியவர்களுக்குத் தடையாக நின்றதாக உயிர் பிழைத்தவர்கள் சொன்னார்கள். கூலிப் பிரச்சினையை அது தீர்க்கவுமில்லை.

ஆகவே உங்கள் அறிக்கை ஒரே ஒரு கோரிக்கையை வைக்கட்டும். வெளியே வேலை அனுமதி என்பதை இப்போதைக்குக் கேட்காதீர்கள். எந்த அரசும் இன்றைய நிலையில் கொடுக்காது, கேட்டவரைக் கூட்டத்துக்கு மறுபடி அழைக்கவும் மாட்டார்கள். முகாமுக்குள்ளேயே, ஒழுங்குபடுத்தப்பட்ட கூலியில், முகாமுக்குத் தேவையானதை முகாமே உற்பத்தி செய்வதைக் கேளுங்கள். சணற் பை, சவர்க்காரம், சீருடை, மூங்கில் பதனிடல் போன்றவை இப்போதே சிறிய அளவில் நடக்கின்றன. 2022இல் அரசு ஏற்றுக்கொண்ட திறன் விருத்திச் சட்டகத்தில் அகதிகள், உள்ளூரார் இரு தரப்புக்கும் இடம் இருக்கிறது. மூலப் பொருளை உகியா, டெக்னாப் வியாபாரிகளிடமும் விவசாயிகளிடமும்தான் வாங்க வேண்டும் என்பதை அந்தக் கோரிக்கையின் பகுதியாகவே எழுதுங்கள். கூலிக்காரருக்கு இதில் என்ன என்று கேட்டால், வேலி தாண்டிக் குறைந்த கூலிக்கு வருவோர் குறைவார்கள் என்பதுதான் நேர்மையான பதில். முற்றாக நிற்பார்கள் என்று எழுதாதீர்கள். இந்தக் கோரிக்கைக்கு 'ஆம்' சொல்லக்கூடியவர் ஆணையாளர். கொள்வனவு விதியை மாற்றக்கூடியவர்கள் ஐ.நா. அமைப்புகளின் கொள்வனவுப் பிரிவினர். எதிர்த்தால் கவிழ்க்கக்கூடியவர் மாவட்ட ஆணையாளர். மூன்று பேருக்கும் மூன்று பத்திகள், ஒவ்வொருவருக்கும் அவர் கையெழுத்திடக்கூடிய ஒரு விடயம். கொடையாளர்களுக்கு ஒரு பத்தி போதும். 2025-26 கூட்டு நிவாரணத் திட்டம் முதல் ஆண்டுக்குக் கேட்ட 934.5 மில்லியன் டொலரில் சோற்றுக்குப் போவது எவ்வளவு, சம்பாதிக்கவிட்டால் மிச்சம் எவ்வளவு என்ற மொழி அவர்களுக்குப் புரியும்.

சொற்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பங்களாதேஷ் 1951 அகதிகள் சாசனத்தில் கையெழுத்திட்ட நாடல்ல. அரச ஆவணங்களில் இவர்கள் 'வலுக்கட்டாயமாக இடம்பெயர்க்கப்பட்ட மியன்மார் நாட்டவர்'. அதில் ஒரு தர்க்கமும் இருக்கிறது. 1982 குடியுரிமைச் சட்டத்தால் இவர்களை நாடற்றவர்களாக்கிய மியன்மாருக்கு, இவர்கள் உங்கள் நாட்டவர் என்று ஒவ்வொரு கடிதத்திலும் நினைவூட்டுகிறது அந்தப் பெயர். அரசுக்குப் போகும் பிரதியில் அந்தச் சொல்லை எழுதுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் மக்களைக் குறிக்கும் இடத்தில் 'ரோஹிங்கியா' என்று எழுதுங்கள். 2018 நவம்பரில் அடையாள அட்டையில் அந்தப் பெயர் இல்லையென்று முகாம்களில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் அவர்கள். பேச்சில் அதிகாரிகளும் அந்தப் பெயரைத்தான் சொல்கிறார்கள் என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

நாடு திரும்புவதைப் பற்றி எழுதத்தான் வேண்டும், ஏனென்றால் எழுதாவிட்டால் அரசுத் தரப்பு உங்கள் அறிக்கையை 'நிரந்தரமாக வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள்' என்றே வாசிக்கும். உள்ளூர் மக்களும் அப்படித்தான் வாசிப்பார்கள். பெரும்பாலான அகதிகள் விரும்புவதும் திரும்பிப் போவதைத்தான். 2017 நவம்பரில் இரு நாடுகளும் உடன்பாடு செய்தன. 2018 நவம்பர் 15இலும் 2019 ஓகஸ்ட் 22இலும் அனுப்ப ஏற்பாடானது. இரண்டாவது தடவை நான் டெக்னாப்பில் இருந்தேன். பேருந்துகள் காலையிலேயே வந்து நின்றன. ஓட்டுநர்கள் நிழலுக்கு ஒதுங்கி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். பட்டியலில் பெயர் இருந்தவர்கள் ஒவ்வொருவராகச் செவ்வி கண்ட அறைக்குள் போய், குடியுரிமை உண்டா, எங்கள் சொந்தக் காணிக்குப் போகலாமா என்று கேட்டுவிட்டு வெளியே வந்தார்கள். மாலையில் பேருந்துகள் வெறுமையாகத் திரும்பின. அதன்பின் 2021 இராணுவப் புரட்சி, 2023 இறுதியிலிருந்து ராக்கைனில் அரக்கான் இராணுவம் என்ற ஆயுதக் குழுவின் போர், 2024 டிசம்பரில் எல்லை நகரான மவுங்டோ அவர்கள் கைக்குப் போனது, புதிதாக ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பேர் வந்தது என்று நிலைமை மாறிவிட்டது. டாக்கா இன்று நேபிடோவிலுள்ள மியன்மார் அரசோடு மட்டும் பேசினால் போதாது, ஆற்றுக்கு அக்கரையில் உண்மையில் யார் நிற்கிறார்களோ அவர்களோடும் பேச வேண்டியிருக்கிறது. உங்கள் அறிக்கைக்கு இவ்வளவும் வேண்டாம். தொழில் கற்று, மியன்மார் பாடத்திட்டத்தில் படித்து, கையில் நாலு காசோடு இருக்கும் குடும்பம் நிலைமை கனியும்போது திரும்பிப் போகக்கூடிய குடும்பம் என்று ஒரே ஒரு பத்தி எழுதுங்கள். அதுதான் உண்மையும்.

கடல் வழியாகத் தப்ப நினைப்பவர்களும் இருக்கிறார்கள். 2024 டிசம்பரில் நூறுக்கும் மேற்பட்ட ரோஹிங்கியாக்களோடு ஒரு மீன்பிடிப் படகு முள்ளிவாய்க்கால் கரையை அடைந்தபோது சாப்பாடும் தண்ணீரும் கொண்டு ஓடிய எங்கள் சனத்தை நினைத்தால், நீங்கள் ஊருக்குத் தொலைபேசியில் உங்கள் வேலையை விளக்குவது அவ்வளவு கடினமாக இராது என்று நினைக்கிறேன்.

முகாமில் அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. ஒரு வேலை மட்டும் இருக்கிறது. அவர் கதையால் என்ன நடந்தது என்பதை யாரும் அவரிடம் திரும்பி வந்து சொல்வதில்லை. நீங்கள் சொல்லுங்கள். எந்தக் கூட்டத்தில் வைத்தேன், யார் என்ன சொன்னார், எது மறுக்கப்பட்டது என்று. மறுக்கப்பட்டதைச் சொல்வதற்குத்தான் துணிவு வேண்டும். இனி அவர் கதை வேண்டாம்; ரேஷன் குறைந்தபோது எந்தச் செலவை முதலில் வெட்டினார், எந்த வேலை கிடைத்தால் மகனை வேலி தாண்ட விடமாட்டார் என்ற அவருடைய கருத்து உங்கள் வரைவுக்குத் தேவைப்படுகிறது; அச்சாகும் முன் அதை அவர் மொழியில் வாசித்துக் காட்டித் திருத்தம் கேளுங்கள்.

பெயரைப் போட்டுவிடாதீர்கள். ஜெனீவாவிலும் வாஷிங்டனிலும் தன் மக்களுக்காகப் பேசிய மொஹிப் உல்லா, 2021 செப்டெம்பர் 29ஆம் திகதி முகாமில் தன் அலுவலகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு, அகதிகளின் விபரங்கள் அவர்களின் முறையான சம்மதமின்றி மியன்மார் வரை போய்ச் சேர்ந்ததாக ஹியூமன் ரைட்ஸ் வொட்ச் என்ற மனித உரிமை அமைப்பு குற்றஞ்சாட்டியது; ஐ.நா. அகதிகள் அமைப்பு, தான் சம்மதம் பெற்றே செய்ததாகச் சொல்லி அதை மறுத்தது. யார் சொன்னது சரியென்பது ஒருபுறம் இருக்க, அதன்பின் முகாமில் யாரிடம் கையொப்பம் கேட்டாலும் இது எங்கே போகும் என்ற கேள்வி வருகிறது. ஆகவே ஐந்தாம் பக்கத்தில் குடிசை வாசலில் நிற்கும் அந்தப் பெண்ணின் படத்தை எடுத்துவிடுங்கள். முகாம் இலக்கப் பலகை பின்னால் தெளிவாகத் தெரிகிறது.

ஓட்டுநரிடம் போய் ஒரு வேண்டுகோள் வைக்கலாம். உகியா சந்தையில் முகாமோடு கொடுக்கல் வாங்கல் உள்ள மொத்த வியாபாரிகள் நாலைந்து பேரையும், காணியில்லாத கூலிக்காரர் நாலைந்து பேரையும் அவருக்குத் தெரிந்திருக்கும். யூனியன் பரிஷத் மண்டபத்தில் வேண்டாம், அங்கே காணிக்காரர்தான் பேசுவார். தேநீர்க் கடையில், வேலை முடிந்த பிறகு, தனித்தனியாக. நீங்கள் பெண் என்பதால் அங்கே உட்காருவது சங்கடமாக இருந்தால் உங்கள் ஆண் சக உத்தியோகத்தர் ஒருவரை ஓட்டுநரோடு அனுப்புங்கள். கூலிக்காரர்களின் மனைவிமாரிடம் நீங்கள் போங்கள், வீட்டுக் கணக்கு அவர்களுக்குத்தான் தெரியும். கணக்குப் புத்தகம் இருந்தால் பார்க்கக் கேளுங்கள். படம் எடுக்காமல், பெயர்களை விட்டுவிட்டு, தொகைகளை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வரைவை எனக்கு அனுப்புங்கள். மூன்று பக்கத்துக்கு மேல் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.